பெயர் மாறிய விடுதிகளும் மாறாத கேள்விகளும்

தமிழ்நாடு அரசின் பல்வேறு துறைகளின்கீழ் இயங்கிவரும் மாணவர் விடுதிகள் அனைத்தும் இனி 'சமூக நீதி விடுதிகள்' என்றே அழைக்கப்படும் என்று 2025 ஜூலை 7 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறைகள் ஆகியவற்றின் 2,739 விடுதிகளுக்கு இவ்வறிவிப்பு பொருந்தும். அவற்றில் 1,79,568 மாணவ மாணவியர் தங்கிப் பயில்வதாக அரசே தெரிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டிருந்தது. நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கல்வி நிலையங்களின் பெயர்களிலிருந்து சாதி அடையாளங்களை அகற்றுமாறு பரிந்துரைத்திருந்தது. அந்த வரிசையில் விடுதிப் பெயர் மாற்றத்தையும் வைத்துப் பார்க்கலாம்.

இம்மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும் பெயர்ப்பலகைக்கு வண்ணம் பூசுவதற்கு ஆகும் செலவோடு சமூக நீதி முடிந்துவிடுவதில்லை. விடுதிக்குள் யாருக்கு இடம் கிடைக்கிறது, என்ன உணவு கிடைக்கிறது, அங்கே ஒரு மாணவர் அவமதிக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது, விடுதி கிடைக்காதவர் எங்கே போகிறார் என்னும் நான்கு கேள்விகளுக்கும் இந்த அறிவிப்பில் விடை இல்லை. அக்கேள்விகளை உடுமலைப்பேட்டையை முன்வைத்து இங்கே ஆராய்கிறோம். அரசு கலைக் கல்லூரியும், தனியார் கல்லூரிகளும், அண்மையில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ள ஊர் இது. நூற்பாலைகளும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த ஊர். பொறியியல் மாணவர் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதும் இவ்வூரில்தான்.

முகவரியை மறைக்க நேர்ந்தவர்கள்

பெயர் மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூரில் கல்வி கற்றவர் இரட்டைமலை சீனிவாசன். தாம் படித்த கலாசாலையில் இருந்த ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பிராமணர்கள் என்று அவர் 1939இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் பதிவு செய்துள்ளார். தம்முடைய ஊரும் குடும்பமும் சாதியும் தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் பிள்ளைகளோடு கூடி விளையாடாமல் ஒதுங்கியிருந்ததையும் அவர் கூறுகிறார். பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக வாதாடியவர், தம் மாணவப் பருவத்தில் முகவரியை மறைத்து வாழ வேண்டியிருந்தது.

ஒன்றே கால் நூற்றாண்டு கடந்த பின்பும், கல்லூரி விண்ணப்பத்தில் 'ஆதிதிராவிடர் நல மாணவர் விடுதி' என்று முகவரி எழுதும்போது பேனா தயங்கும் மாணவர்கள் இதே கொங்கு மண்டலத்தில் இருக்கிறார்கள். 'எங்கே தங்கியிருக்கிறாய்?' என்ற கேள்வி, 'நீ என்ன ஆள்?' என்ற கேள்வியின் நாகரிகமான வடிவமாகவே வகுப்பறையில் கேட்கப்படுகிறது. அந்த வகையில் புதிய பெயர் ஒரு சுமையை இறக்கி வைக்கிறது.

எனினும் இரண்டு எச்சரிக்கைகளை நாம் பதிவு செய்ய வேண்டும். முதலாவது, பெயர் ஒன்றானாலும் துறைகள் தனித்தனியாகவே உள்ளன. ஆதிதிராவிடர் நல விடுதிகளின் சேர்க்கை விதிப்படி 85 விழுக்காட்டு இடங்கள் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் ஆகியோருக்கும், 10 விழுக்காடு பிற்படுத்தப்பட்டோருக்கும், 5 விழுக்காடு பிறருக்கும் உரியவை. பிற சாதி மாணவர்களுக்கான அந்த 15 விழுக்காட்டு இடங்களில் எத்தனை நிரம்புகின்றன என்று எந்த மாவட்டத்திலும் கேட்டுப் பாருங்கள். அந்த எண்ணிக்கையே சமூகத்தின் உண்மை நிலையைச் சொல்லிவிடும். சேரிக்குள் வராதவர்கள் சேரிப் பிள்ளைகளின் விடுதிக்குள் மட்டும் எளிதில் வந்துவிட மாட்டார்கள்.

இரண்டாவது எச்சரிக்கை நிதி பற்றியது. பட்டியல் சாதியினர் துணைத் திட்ட நிதி வேறு செலவினங்களுக்குத் திருப்பப்படுகிறது என்ற குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. அந்நிதியைப் பாதுகாப்பதற்கென 2024இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டிய நிலை அதனால்தான் உருவானது. எல்லா விடுதிகளும் ஒரே பெயரில் கணக்கெழுதப்படும்போது, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்காகச் செலவிட வேண்டிய தொகை தனியாகத் தெரியாமல் போய்விடக் கூடாது. பலகையில் சாதி அடையாளம் மறையட்டும். வரவு செலவு ஏட்டில் பயனாளர் யார் என்பது மறையக் கூடாது.

ஐந்து கிலோமீட்டர் விதியும் தோட்டத்துச் சாளையும்

அரசு விடுதியில் சேர மூன்று தகுதிகள் கேட்கப்படுகின்றன. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். சாதிச் சான்று வேண்டும். வீட்டுக்கும் கல்வி நிலையத்துக்கும் இடையே 5 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருக்க வேண்டும். தொலைவு விதி மாணவியருக்குப் பொருந்தாது. தாளில் படிக்கும்போது நியாயமாகவே தோன்றும் விதி இது. கொங்கு நாட்டின் நிலவுறவோடு பொருத்திப் பார்த்தால்தான் இதன் குறை புலப்படும்.

உடுமலை, மடத்துக்குளம், குடிமங்கலம் பகுதிகளில் நிலமற்ற அருந்ததியர் குடும்பங்களில் ஒரு பகுதியினர் தோட்டத்துச் சாளைகளை ஒட்டிய குடிசைகளிலும் சிற்றறைகளிலும் வாழ்கின்றனர். வீடு அவர்களுடையது அன்று, தோட்டக்காரருடையது. மாடு பிடித்துக் கட்டுவதும் தண்ணீர் பாய்ச்சுவதும் தேங்காய் பொறுக்குவதும் குடும்பத்தின் அனைவரிடமும் எதிர்பார்க்கப்படும் வேலைகள். கல்லூரி முடிந்து மாலையில் திரும்பும் மகன், 'பண்ணாடி கூப்பிடுகிறார்' என்ற அழைப்புக்குப் புத்தகத்தை மூடிவிட்டு எழ வேண்டும். மறுத்தால், முன்பணம் வாங்கிய தந்தை பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த மாணவரின் வீடு கல்லூரியிலிருந்து 3 கிலோமீட்டர் தொலைவில் இருக்கலாம். ஆனால் அவருக்கும் கல்விக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பேருந்து நடத்துநரின் கணக்கால் அளக்க முடியாது.

விடுதி என்பது பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு என்ற எண்ணமே ஐந்து கிலோமீட்டர் விதியின் அடிப்படை. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றில் விடுதிக்கு இருந்த பொருள் வேறு. கோல்ஹாப்பூரில் சாகு மகாராஜா 1901 முதல் தொடங்கிய விடுதிகளும், 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நிறுவிய நந்தனார் கல்விக் கழகமும், 1925 ஜனவரியில் அம்பேத்கரின் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை சோலாப்பூரில் தொடங்கிய மாணவர் விடுதியும் வெறும் தூரத்துக்காக எழுந்தவை அல்ல. ஊரின் அதிகாரத்திலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவந்து, விளக்கும் நூலும் அச்சமற்ற உறக்கமும் தருவதே அவற்றின் நோக்கம். பின்னர் அப்பொறுப்பை அரசு ஏற்றது. ஏற்ற அரசு, அந்நோக்கத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும். ஆகவே பண்ணை நிலத்தில் குடியிருக்கும் குடும்பங்கள், கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பங்கள், வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோர், சாட்சிகளின் பிள்ளைகள் ஆகியோருக்குத் தொலைவு விதியிலிருந்து விலக்கு வேண்டும் என்பது நம் முதற் கோரிக்கை.

இதே வட்டத்தின் தெற்கே ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி முதலிய மலைக் குடியிருப்புகள் உள்ளன. அங்கிருந்து கல்லூரிக்கு அன்றாடம் வந்து திரும்புவது இயலாத காரியம். அம்மாணவர்களுக்கு விடுதி இல்லையேல் கல்லூரி இல்லை. மலைப்புலையர் மக்கள் தங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கக் கோரி நெடுநாளாகப் போராடி வருகின்றனர். அக்கோரிக்கை கோப்பில் உறங்கும் வரை, சான்றிதழ் குழப்பத்தால் அவர்தம் பிள்ளைகள் விடுதி வாசலில் நிறுத்தப்படக் கூடாது. அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி பரந்த வளாகத்தோடும் முழுமையான தங்கும் வசதியோடும் இயங்கி வருகிறது. அரசு மனம் வைத்தால் இதே மலையடிவாரத்தில் தரமான உறைவிடக் கல்வியைத் தர முடியும் என்பதற்கு அதுவே சான்று.

மில் விடுதியும் கல்லூரி விடுதியும்

கொங்கு மண்டலத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்பிள்ளைக்குப் பெரும்பாலும் முதலில் கதவு திறப்பது கல்லூரி விடுதி அன்று, நூற்பாலை விடுதியே. மூன்றாண்டு வேலை பார்த்தால் முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறிப் பதின்ம வயதுப் பெண்களை அழைத்துவந்த 'சுமங்கலித் திட்டம்' பற்றி நம் வாசகர்கள் அறிவார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனமும் இந்தியக் குழுவும் 2011, 2014 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகள், தமிழ்நாட்டு ஆலைகளில் நிலவிய நீண்ட வேலை நேரத்தையும், விடுதியை விட்டு வெளியேறவும் வீட்டாரோடு பேசவும் இருந்த தடைகளையும் உலகின் பார்வைக்குக் கொண்டு வந்தன. அப்பெண்களில் கணிசமானோர் தலித்துகள் என்பதையும் அவை சுட்டின.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளைக் கல்லூரிக்கு அனுப்ப விரும்பும் தாய், பாதுகாப்பான தங்குமிடம் இருக்கிறதா என்றே முதலில் கேட்கிறார். கல்லூரி விடுதியில் இடம் இல்லை, அல்லது இருக்கும் விடுதியில் சுற்றுச்சுவரும் கழிவறையும் சரியில்லை என்றால், உணவும் உறைவிடமும் சம்பளமும் தருவதாகச் சொல்லும் ஆலையின் முகவர் அடுத்த வாரமே வீட்டு வாசலில் நிற்பார். ஆக, அரசு கட்டாத ஒவ்வொரு மாணவியர் விடுதியும் ஆலைக்கு ஆள் சேர்க்கும் நிலையமாகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்ட புதுமைப்பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கி வைக்கப்பட்ட தமிழ்ப்புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் வழங்குகின்றன. நல்ல திட்டங்களே. ஆயினும் கைக்கு வரும் ஆயிரம் ரூபாய், தலைக்கு மேல் ஒரு கூரைக்கு ஈடாகாது.

பெண்கள் விடுதிகளின் பாதுகாப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை அண்டை ஊரான பொள்ளாச்சி 2014இல் நமக்கு உணர்த்தியது. அங்கே ஒரு விடுதியில் தங்கியிருந்த சிறுமியர் இருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அதே ஆண்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. தனியாருக்கு உரிமமும் வரையறையும் விதிக்கும் அரசு, தன் விடுதிகளின் நிலையையும் அதே அளவுகோலால் அளந்து வெளியிட வேண்டும்.

ஒரு வேளைக்குப் பதினாறு ரூபாய்

2023இல் விடுதி மாணவர்களின் உணவுத் தொகை பள்ளி மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆகவும், கல்லூரி மாணவர்களுக்கு 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆகவும் உயர்த்தப்பட்டது. உயர்வு பெரிதாகத் தெரியலாம். 1,500 ரூபாயை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்குப் பதினாறு ரூபாய் அறுபத்தாறு காசு. உடுமலைப் பேருந்து நிலையத்தில் ஒரு தேநீரும் வடையும் வாங்கினாலே இத்தொகை தீர்ந்துவிடும். பருப்பும் எண்ணெயும் காய்கறியும் முட்டையும் இறைச்சியும் சந்தை விலைக்கு வாங்க வேண்டியவை. தொகை ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டோடு சேர்ந்து தானாக உயர வேண்டும். அமைச்சரின் அறிவிப்புக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் நிலை இருக்கக் கூடாது.

உணவு பற்றிய பேச்சு அளவோடு முடிவதில்லை. தமிழ்நாட்டின் சாதி எதிர்ப்பு அரசியலில் விடுதிப் பந்திக்கு ஒரு தனி வரலாறு உண்டு. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போடப்பட்டதை எதிர்த்து 1924-25ஆம் ஆண்டுகளில் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் நடத்திய போராட்டம், அவர் காங்கிரசை விட்டு விலகும் பாதையில் முக்கியமான திருப்பமாக அமைந்தது. அதற்கு 93 ஆண்டுகளுக்குப் பின், 2018 டிசம்பரில், சென்னை ஐஐடியின் உணவுக்கூடத்தில் சைவ உணவினருக்கும் அசைவ உணவினருக்கும் தனி வாயிலும் தனிக் கைகழுவும் இடமும் குறித்து ஒட்டப்பட்ட அறிவிப்புகள், மாணவர்கள் எதிர்த்த பிறகே அகற்றப்பட்டன. 2023இல் மும்பை ஐஐடியில் சைவருக்கென மேசை ஒதுக்கியதை எதிர்த்த மாணவருக்கு 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. தீட்டு என்ற சொல்லை இன்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உணவுத் தேர்வு, தூய்மை என்னும் புதுச் சொற்களுக்குள் அது குடியேறிவிட்டது. வாடகை அறைக்கு அலைந்த ஒவ்வொரு தலித் மாணவரும் 'சைவம் மட்டும்' என்ற பலகையின் முழுப்பொருளை அறிவார்.

உதவித்தொகை தடைப்படும் இடங்கள்

விடுதியில் இடம் கிடைத்த மாணவரும் தாக்குப்பிடிக்க உதவித்தொகை உரிய காலத்தில் வர வேண்டும். 2012இல் தமிழ்நாடு அரசு பிறப்பித்த அரசாணை 92, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது. கொங்கு மண்டலத்தின் பொறியியல் கல்லூரிகளுக்குள் முதல் தலைமுறை தலித் மாணவர்கள் பெருமளவில் நுழைந்தது இந்த ஆணையின் பயனே. 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோருக்கு இப்பயன் மறுக்கப்பட்டதும் அந்த வாயிலில் பாதி அடைபட்டது.

மத்திய அரசின் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் 2020 டிசம்பரில் மாற்றியமைக்கப்பட்டு, மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீட்டுக்கு வந்தது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பின்னரே மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தப்படும். எங்கேனும் ஒரு படி தாமதமானால், கல்லூரி அலுவலகம் மாணவரைத்தான் நெருக்குகிறது. தேர்வு நுழைவுச்சீட்டு நிறுத்தப்படுகிறது, சான்றிதழ்கள் தரப்படுவதில்லை. சான்றிதழ் என்பது அடகு வைக்கும் பொருள் அன்று, கட்டண பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியுள்ளது. இதை அறியாத மாணவர்களே இன்றும் அலுவலக வாசலில் காத்து நிற்கின்றனர்.

விடுதியில் தங்கிப் படிப்போருக்கு இத்திட்டம் தரும் படித்தொகை, தொழிற்கல்விப் பிரிவில் ஆண்டுக்கு 13,500 ரூபாய். பொதுப் பட்டப்படிப்புகள் அடங்கிய மூன்றாம் பிரிவில் 6,000 ரூபாய், அதாவது மாதம் 500 ரூபாய். கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ படிக்கும் ஏழை மாணவருக்குப் பசியும் குறைவு என்று எந்த ஆய்வு சொன்னது?

கல்லூரிக்கும் துறைக்கும் இடையே

மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்குப் படாத ஒரு பிளவு இங்கே உண்டு. அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவர் பகலில் உயர்கல்வித் துறையின் பொறுப்பில் இருக்கிறார். மாலையில் விடுதிக்குத் திரும்பியதும் ஆதிதிராவிடர் நலத்துறையின் பொறுப்புக்கு வந்துவிடுகிறார். முதல்வருக்கு விடுதிக் காப்பாளர் கட்டுப்பட்டவர் அல்லர். காப்பாளருக்கு வகுப்பறையில் நடப்பது தெரியாது. ஒரு மாணவர் பத்து நாள் வகுப்புக்கு வராவிட்டால் விடுதிக்குச் செய்தி போகாது. விடுதியில் அவர் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் கல்லூரிக்குத் தெரியாது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ ஒழுங்குமுறைகள் ஒவ்வோர் உயர்கல்வி நிறுவனமும் சமவாய்ப்பு மையம் அமைக்கவும், பாகுபாடு தடுப்பு அலுவலரை நியமிக்கவும், புகார்களை 60 நாளுக்குள் முடிக்கவும் பணிக்கின்றன. விடுதியிலும் உணவுக்கூடத்திலும் மாணவர்களைப் பிரித்து நடத்துவதும் அவற்றில் பாகுபாடாகவே கொள்ளப்படுகிறது. ஆனால் விடுதி வேறு துறையின் கட்டடமாக இருக்கும்போது, அந்த அலுவலரின் கை அங்கே நீளுமா என்ற ஐயம் எழுகிறது. இப்பிளவை அடைக்க, கல்லூரி முதல்வர், விடுதிக் காப்பாளர், ஆதிதிராவிடர் நலத் தனி வட்டாட்சியர், மாணவர் பிரதிநிதிகள் அடங்கிய கூட்டுக் குழு ஒன்று ஊர்தோறும் அமைக்கப்பட வேண்டும்.

மனநலம் குறித்த பேச்சையும் இதனோடு இணைத்தே பார்க்க வேண்டும். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, திறந்தவெளியில் 'வெளிவாடா' அமைத்துப் போராடியவர்களில் ஒருவர் ரோகித் வெமுலா. 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். 2019 மே மாதம் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வியை இழந்தோம். 2007இல் எய்ம்ஸ் நிறுவனத்தை ஆராய்ந்த தோரட் குழு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விடுதிகளில் தனியே ஒதுக்கப்பட்டதை அப்போதே பதிவு செய்திருந்தது. தில்லி ஐஐடி மாணவர் இருவரின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய ஆணையிட்டு, மாணவர் மனநலம் குறித்துத் தேசியப் பணிக்குழுவையும் அமைத்தது. 2025 ஜூலை 25 அன்று வேறொரு வழக்கில், நூறு மாணவர்களுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் தகுதிபெற்ற உளவள ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்றும், உறைவிட நிறுவனங்களில் மின்விசிறிகளைப் பாதுகாப்பான வகையில் பொருத்த வேண்டும் என்றும் வழிகாட்டுதல்களை வழங்கியது. சாதிப் பாகுபாடு பற்றி முறையிடும் அமைப்பும் அவ்வழிகாட்டுதல்களில் உண்டு. மின்விசிறியை மாற்றுவது எளிது. ஒரே வாரத்தில் முடித்துக் கணக்குக் காட்டிவிடலாம். முறையீட்டு அமைப்புதான் கடினம். நிறுவனங்கள் எளியதைச் செய்துவிட்டுக் கடினமானதை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

வளாகத்துக்கு வெளியே ஒரு பேருந்து நிலையம்

உடுமலைப்பேட்டையில் மாணவர் நலன் பற்றிப் பேசும் எவரும் 2016 மார்ச் 13ஐத் தாண்டிப் போக முடியாது. குமரலிங்கத்தைச் சேர்ந்த சங்கர், பொள்ளாச்சியில் பொறியியல் இறுதியாண்டு படித்தவர். வேறு சாதியைச் சேர்ந்த கௌசல்யாவை மணந்ததற்காக, பேருந்து நிலையத்தருகே மக்கள் கூட்டத்தின் நடுவே வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா படுகாயத்தோடு உயிர் தப்பினார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்து, ஐவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அதற்கு முந்தைய ஆண்டு, 2015 ஜூனில், பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டதும் இதே கொங்கு மண்டலத்தில்தான்.

இவ்விரு இளைஞர்களும் கல்லூரியில் சக மாணவியோடு பழகினார்கள். கல்லூரி தந்த அந்தச் சமத்துவத்தைச் சாதிச் சமூகம் கல்லூரி வாசலுக்கு வெளியே ஏற்கவில்லை. பிள்ளைகள் யாரோடு பேசுகிறார்கள் என்று உளவு பார்க்கச் சாதிச் சங்கங்களுக்கு ஆள் இருக்கிறது. ஆபத்து நேருமுன் அடைக்கலம் தரத்தான் கல்லூரியிடம் ஓர் அறைகூட இல்லை. மிரட்டலுக்கு ஆளாகும் மாணவ மாணவியர் உடனடியாகத் தங்குவதற்கு அரசு விடுதிகளில் அவசரகால இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். சாதிமறுப்புத் திருமண இணையர்க்குக் காப்பகம் கேட்கும் நம் நெடுநாள் கோரிக்கையின் ஒரு பகுதியாகவே இதை முன்வைக்கிறோம்.

சட்டம் நம் கையில் தருவன

விடுதியில் இடம் பெறுவது இன்றளவும் சட்டபூர்வ உரிமையாக இல்லை. அரசாணைகளாலும் துறை விதிகளாலும் நடக்கும் நலத்திட்டமாகவே அது உள்ளது. எனவே இடம் மறுக்கப்பட்டவரும், கெட்டுப்போன உணவு பரிமாறப்பட்டவரும் நேரடியாகப் பற்றிக்கொள்ளத் தனிச் சட்டப் பிரிவு இல்லை. பாகுபாட்டுக்கு எதிராகவோ வலுவான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, கல்வி நிலையத்திலோ பொதுமக்களுக்கான விடுதியிலோ தீண்டாமையின் பேரில் சேர்க்க மறுப்பதையும், சேர்த்த பின் பாகுபாடு காட்டுவதையும் குற்றமாக்குகிறது. 4ஆம் பிரிவு எப்பகுதியிலும் குடியிருப்பு ஒன்றில் குடியேறுவதைத் தீண்டாமையின் பேரில் தடுப்பதைத் தண்டிக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருப்பின், அச்செயல் தீண்டாமையின் பேரிலேயே நிகழ்ந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆம் பிரிவு. சாதி கேட்டு அறை மறுக்கும் வீட்டு உரிமையாளர்கள்மீது இப்பிரிவுகள் அரிதாகவே பயன்படுத்தப்படுகின்றன. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டமும் கல்வி நிலையத்தில் நுழைவதைத் தடுப்பதை வன்கொடுமையாக வரையறுத்துள்ளது. விடுதியில் கைபேசிக்கு விதித்த தடையைக் கேள்விக்குட்படுத்திய கேரள மாணவியின் வழக்கில், 2019இல் கேரள உயர் நீதிமன்றம் இணைய வசதியைக் கல்வி உரிமையின் பகுதியாக ஏற்றது. ஒழுக்கத்தின் பெயரால் விதிக்கப்படும் விடுதிக் கட்டுப்பாடுகளைக் கேள்வி கேட்க அத்தீர்ப்பு துணை நிற்கும்.

இவற்றைக் கொண்டு மாணவர் அமைப்புகளும் வழக்கறிஞர்களும் உடனடியாகச் செய்யக்கூடியவை சில.

ஒன்று: தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு விடுதியிலும் அனுமதிக்கப்பட்ட இடங்கள், நிரம்பிய இடங்கள், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களும் காரணங்களும், காப்பாளர், சமையலர், காவலர் பணியிடக் காலிகள், கழிவறைகளின் எண்ணிக்கை, கடைசியாக நடந்த ஆய்வின் அறிக்கை ஆகியவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் காலம். கையில் ஆவணம் இருந்தால் கோரிக்கைக்கு எடை கூடும்.

இரண்டு: வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலும் கோட்டாட்சியர் தலைமையிலும் கண்காணிப்புக் குழுக்கள் கூட வேண்டும். உடுமலைப்பேட்டை வருவாய்க் கோட்டத் தலைநகராதலால் கோட்ட அளவிலான குழுவை இங்கேயே அணுகலாம். விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் நிகழும் பாகுபாட்டை அக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க எழுத்து வடிவில் கோர வேண்டும்.

மூன்று: ஒவ்வொரு கல்லூரியிலும் பாகுபாடு தடுப்பு அலுவலர் யார் என்று கேட்டு, பெயரையும் தொடர்பு எண்ணையும் விடுதிச் சுவரில் எழுதச் செய்ய வேண்டும். பெயர் சொல்லத் தெரியாத கல்லூரி விதியை மீறுகிறது என்று பொருள்.

நான்கு: இவை அனைத்தையும் ஒருங்கிணைக்கும் விடுதி உரிமைச் சட்டம் ஒன்றை அரசியல் கட்சிகளிடம் முன்வைக்க வேண்டும். தகுதியுள்ள மாணவருக்கு விடுதி இடம் அல்லது அதற்கு ஈடான வாடகைத் தொகை, குறைந்தபட்ச இடப்பரப்பும் கழிவறையும் உணவும், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் குழு, காலவரையறைக்குட்பட்ட குறைதீர்ப்பு ஆகியவை அதில் உரிமைகளாக எழுதப்பட வேண்டும்.

சென்னை சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா மாணவர் விடுதிக்கு 2025இல் பல மாடிப் புதுக்கட்டடம் திறக்கப்பட்டது. தலைநகரில் சாத்தியமானது உடுமலையிலும் சாத்தியமாக வேண்டும். அதுவரை, தோட்டத்துச் சாளையின் மங்கிய விளக்கில் படித்துக்கொண்டிருக்கும் மாணவரும், மில் விடுதியில் இரவுப் பணிக்குக் கிளம்பும் அவர் அக்காவும், 'சமூக நீதி விடுதி' என்று புதிதாக எழுதப்பட்ட பலகைக்கு வெளியில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களை உள்ளே அழைத்துச் செல்லும் வேலை அரசின் கடமை. அதைச் செய்ய வைக்கும் வேலை நம்முடையது.